சிக்னல் இல்லாத ஊர் வாழ்க

தமிழில் இன்றைக்கு எழுதப்படுகிற கதைகளிலேயே தாராள மனம் படைத்தது எது என்று கேட்டால், மலைமேல் ஒரு சின்ன ஊரில் நடக்கிற மர்மக் காதல் நாவல்தான் என்று அடித்துச் சொல்வேன். வாசகரை அது சிரமப்படுத்துவதே இல்லை. ஊர்ப் பெயரை நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். எந்த மாவட்டம், என்ன விளைகிறது, பஞ்சாயத்துத் தலைவர் யார் என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவு ஒன்று, பூட்டிக் கிடக்கிற பங்களா ஒன்று, டீக்கடை ஒன்று, ஊர் தயார். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். “அந்த பங்களாவுக்கா போறே, தாயி?” என்று கேட்பதற்காகவே எழுபது வயது வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர். கேட்டு முடித்ததும் நாகரிகமாகக் கதையைவிட்டு வெளியேறிவிடுவார். குடித்த டீக்குக் காசு கொடுத்தாரா என்றுகூட ஆசிரியர் நம்மைக் கவலைப்பட விடுவதில்லை.

இந்த நாவல்களுக்குச் சிங்கப்பூரில், எங்கள் காத்தோங்கில் நல்ல மரியாதை. ஒரு காலத்தில் சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் மாத நாவல் வந்திறங்கும் நாள் பார்த்து வாங்கியவர்கள், இப்போது கிண்டிலிலும் பிரதிலிபியிலும் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறார்கள். என் அண்ணியும் அவர்களில் ஒருவர். 2024 ஜூனில் பக்கத்து மரின் பரேடுக்கு எம்ஆர்டி ரயில் வந்த பிறகு அவருக்கு வாசிப்பு கூடிவிட்டது. தரைக்கு அடியில், சுரங்கத்துக்குள், சிக்னல் கோடுகள் அத்தனையும் முழுசாக நிற்க, சிக்னலே இல்லாத ஊரின் கதையைப் படித்துக்கொண்டு வருவார்.

“தம்பி, இதுலயும் மூணாவது நாள் மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சு.”

“அதுக்கப்புறம்தானே அண்ணி கதையே ஆரம்பிக்குது?”

இருவருக்கும் திருப்தி.

அந்த மூன்றாம் நாள் மண்சரிவைக் கொஞ்சம் நின்று பாராட்ட வேண்டும். வானிலை ஆய்வு மையத்துக்கு இன்னும் கைவராத துல்லியம் அதில் இருக்கிறது. பஸ்ஸை நிறுத்தும், போலீஸை நிறுத்தும், தபாலை நிறுத்தும். நாயகனின் ஜீப்பை மட்டும் ஒன்றும் செய்யாது. அதே இரவில் செல்போன் கோபுரம் சாயும். இன்ஸ்பெக்டர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டிருப்பார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் அரசு பஸ் தினமும் ஏறி இறங்குகிறது. பேப்பர்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எல்ஐசி ஏஜென்ட், பொள்ளாச்சி சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஆச்சி எல்லாரும் அதில் இருப்பார்கள். நாவல் ஊருக்கு ஒரே ஒரு வளைவுதான். அதிலேயே உலகத்தோடு உறவு அறுந்துவிடுகிறது. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

இத்தனை ஏற்பாடும் கொலைகாரனுக்கு வசதி செய்துகொடுக்கத்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆசிரியர்களின் நுட்பத்தை அவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கொலைகாரனுக்கு இருட்டு போதும். ஒரு ஊரையே உலகத்திலிருந்து துண்டிப்பது நாயகனுக்காக.

நாயகன் என்ன செய்கிறான் என்று வரிசையாகப் பாருங்கள். முதல் சந்திப்பில் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். இரண்டாவது நாளிலிருந்து அவள் போகிற இடமெல்லாம் ஜீப்பில் பின்னாலேயே வருகிறான். மூன்றாம் நாள், மண் சரிந்த கையோடு, “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்று போனைப் பிடுங்கிக்கொண்டு அவளை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டுகிறான். ஜன்னலுக்கு வெளியே மழை. அவளுக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ வருகிறது. இருபதாவது அத்தியாயத்தில் அது காதல் என்று தெரியவருகிறது. இந்த வகை ஆளுக்கு இப்போது ‘ஆன்டி ஹீரோ’ என்று பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்தை முகப்பிலேயே போட்டு விற்கிறார்கள். சரக்கில் கலப்படம் இல்லை என்பதற்கு வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?

இவனைக் கொண்டுவந்து காத்தோங்கில் இறக்கிவிட்டால் பரிதாபமாகிவிடும். ஜூ சியாட் ரோட்டில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தால், எதிர்க் காப்பிக்கடையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள்; பாதிப் பேர் படமெடுப்பார்கள். விடாமல் பின்தொடர்ந்தால், அதற்கென்றே 2014-இல் இயற்றிய துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அறையில் வைத்துப் பூட்டினால் தண்டனைச் சட்டத்தின் 340-ஆம் பிரிவிலேயே அது குற்றம். சிங்கப்பூரில் 1872-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதனால் ஒருவரை முறையின்றி அடைத்துவைப்பதற்கு இரண்டு கரையிலும் ஒரே எண்தான் இருந்தது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சம்ஹிதை வந்த பிறகுதான் இந்தியாவில் அது 127 ஆனது. பெண்ணைப் பின்தொடர்வது அங்கேயும் 2013-இலிருந்து தனிக் குற்றம். ஆக, சட்டம் போய்ச் சேருகிற எந்த ஊரில் கதை நடந்தாலும் நான்காவது அத்தியாயத்தில் நாயகன் குற்றவாளிக் கூண்டில் நிற்பான். மீதி முப்பது அத்தியாயமும் ஜாமீன் பற்றியதாகிவிடும். அந்த அவலத்திலிருந்து காதலைக் காப்பாற்றத்தான் மண் சரிகிறது. இவ்வளவு பொறுப்புள்ள மண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காப்பாற்றுகிற காட்சிக்கும் காத்தோங் லாயக்கற்ற இடம். 2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை, தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை உள்வாங்கி, ஒரு பெண் ஓட்டிவந்த கார் தண்ணீர் நிறைந்த பள்ளத்துக்குள் போய்விட்டது. பக்கத்து வேலைத்தளத்தில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஏழு பேர் ஓடிவந்து, கயிற்றைப் போட்டு, சில நிமிடங்களில் அவரை மேலே இழுத்துவிட்டார்கள். முன்னால் நின்று நடத்தியவர் நாற்பதைத் தாண்டியவர், தமிழ்நாட்டுக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் இங்கே உழைப்பவர். அதிபர் தர்மன் சண்முகரத்னம் அந்த எழுவரையும் தம் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார். பொதுமக்கள் 70,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். கதை என்று பார்த்தால் இதில் எத்தனை ஓட்டை! நாயகனிடம் ஜீப் இல்லை. இங்கே அவரைப் போன்றவர்கள் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். கண்ணில் தீப்பொறி பறக்கவில்லை. மேலே வந்ததும் கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள்; காப்பாற்றிய உரிமையில் அந்தப் பெண்ணை எந்த அறையிலும் பூட்டவில்லை. இவர்களை வைத்து எந்த ஆசிரியர் என்ன எழுத முடியும்?

பூட்டு நம் கண்டுபிடிப்பு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1847-இல் வந்த ஜேன் அயரில், கவுரவமான வீட்டுக்காரர் தன் முதல் மனைவியை மேல்மாடியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். 1938-இல் வந்த ரெபெக்காவில், கடலோர மாளிகையின் சொந்தக்காரர் முதல் மனைவியைக் கொன்றே விடுகிறார். அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வாசகர் பக்கத்துக்குப் பக்கம் பதறும்படி எழுதியிருக்கிறார் டாஃப்னி டு மாரியே. அவர் மாட்டிக்கொள்ளவும் இல்லை. ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தமிழுக்குத் தழுவுவது ஆரணி குப்புசாமி முதலியார் காலத்துப் பழக்கம். ஜேன் அயரும் 1969-இல் ‘சாந்தி நிலையம்’ ஆகி, ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடிக்க, நம் திரைக்கு வந்துவிட்டது. நாவலாசிரியர்கள் அங்கத்திய பொட்டல் மேடுகளை அகற்றிவிட்டுத் தேயிலை நட்டார்கள். பூட்டை மட்டும் துரு நீக்கி அப்படியே வைத்துக்கொண்டார்கள். உண்மை தெரிந்ததும் ஜேன் அந்த வீட்டைவிட்டு ஓடிப்போனாள், தன் பெயரில் சொத்து வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள் என்கிற சலிப்பூட்டும் பகுதியை, நல்லவேளை, இவர்கள் கப்பலில் ஏற்றவில்லை.

காத்தோங்குக்கும் ஒரு காலத்தில் இந்தத் தகுதியெல்லாம் இருந்தது. தென்னந்தோப்பு, கடலைப் பார்த்து நிற்கிற பணக்காரர்களின் பங்களாக்கள், 1879-இல் கட்டி ஒன்றுக்கும் உதவாமல் கைவிட்ட ஒரு கோட்டை. மர்மத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 1966-இல் கடலைத் தூர்க்க ஆரம்பித்தார்கள். கடல் தள்ளிப் போனது. அலை அடித்த இடத்தில் வீவக அடுக்குமாடி புளோக்குகள் எழுந்தன. கூன் செங் ரோட்டில் மிஞ்சிய பெரனாக்கான் வீடுகளுக்கு இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்து, சுற்றுலாப் பயணிகளைப் பகலில் வாசலில் நிற்கவைத்து, பேய் குடியேற வாய்ப்பே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆனாலும் காதலையும் திகிலையும் கலக்கிற தொழிலில் எங்கள் ஈஸ்ட் கோஸ்ட் ரோடு முன்னோடி. கேத்தே கெரிஸ் படப்பிடிப்புக் கூடம் அங்கேதான் இருந்தது. 1957-இல் அங்கிருந்து வந்த ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் பேய்ப்படத்தை இயக்கியவர் பி. என். ராவ், அதற்கு முன் தமிழ்ப் படங்களும் எடுத்தவர். ஒதுங்கிக் கிடக்கிற கம்பம் என்கிற மலாய்க் கிராமம், கூன்முதுகுக்காரி ஒருத்தி, மந்திரத்தால் வந்த அழகு, தலைவர் மகனோடு கல்யாணம், ரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்கிற நிபந்தனை. புருஷனை விஷம் தீண்டுகிறது, அவன் கெஞ்சுகிறான், அவள் விஷத்தை உறிஞ்சி எடுக்கிறாள், அவன் பிழைக்கிறான், அவள் பேயாகிறாள். கூட்டம் அலைமோதிய படம். காப்பாற்றியவள் பேய், காப்பாற்றப்பட்டவன் பாவம் என்கிற நியாயத்தைச் சிங்கப்பூர் ரசிகர்கள் அன்றைக்கே கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். படப்பிரதி இப்போது இல்லை. நியாயம் பத்திரமாக இருக்கிறது.

இந்த மரபுக்கே கேடு செய்த ஒருவர் உண்டு. சுஜாதா. ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ என்று ஆனந்த விகடனில் ஒரு தொடர்கதை எழுதினார். 1981-இல் அது படமாகவும் வந்தது. (காத்தோங்கில் சிலோன் ரோட்டுக்காரர்களுக்குத் தலைப்பிலேயே பாசம் வந்துவிடும், குளத்தங்கரைச் செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாருக்குக் கட்டிய கோயிலை வைத்திருப்பவர்கள் நாங்கள்.) சூத்திரத்துக்குத் தேவையான எல்லாம் அவர் கையில் இருந்தது: திருநிலம் என்கிற ஒதுக்குப்புறக் கிராமம், ஜமீன் வீடு, பட்டணத்திலிருந்து வந்து தங்குகிற கல்யாணராமன், சினேகலதா, வெள்ளி, ராத்திரிச் சத்தம், கொலை. கெடுத்துவிட்டார். கல்யாணராமன் வந்ததே நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்க என்று வைத்ததால் ஊர்க்காரர்கள் வாயைத் திறந்து பாட வேண்டியதாயிற்று. பாடியவர்கள் சும்மா இருப்பார்களா? பேசினார்கள், கேலி செய்தார்கள், வந்தவன் யார் என்று முறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஊர் ஊராகவே இருந்துவிட்டது. நாயகனோ யாரையும் அறையில் பூட்டுகிற உடல்வாகு இல்லாதவன். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தத் தவற்றை யாரும் திரும்பச் செய்யவில்லை என்பதிலிருந்தே நம் ஆசிரியர்களின் கட்டுப்பாடு விளங்கும்.

அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்களைக் குறைக்கிற திறமை. எஸ்டேட் இருக்கும், ஏக்கர் ஏக்கராகத் தேயிலை இருக்கும், கிள்ளுகிறவர்கள் இருக்கமாட்டார்கள். இருந்தால் ‘தூரத்தில் வண்ணப் புள்ளிகளாக’ இருப்பார்கள். அவர்களில் கிட்ட வர அனுமதி பெற்றவர் பங்களா வாட்ச்மேன் ஒருவரே. அவரும் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போவார். எதற்காகச் செத்தார்? நாயகிக்குப் பயம் வரவேண்டுமே, அதற்காக. பெண்டாட்டி பிள்ளைகள் வந்து அழுது நேரத்தை வீணடிப்பதில்லை. இரண்டாவது அத்தியாயத்தில் நாயகி குளித்து, ஈரக் கூந்தலோடு பால்கனிக்கு வந்துவிடுவாள்.

எஸ்டேட்டில் ஆட்களை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாஞ்சோலை இருக்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. ஜமீன் உண்டு, மூடுபனி உண்டு, காடு உண்டு, திருநெல்வேலியிலிருந்து மணிக்கணக்கில் ஊர்ந்து ஏறுகிற பஸ் உண்டு. நாவலுக்கென்றே செய்துவைத்த இடம்தான். ஆனால் அங்கே இருந்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் அவர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில், தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். குத்தகை 2028-இல்தான் முடிகிறது. ஆனால் 2024-லேயே, தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கணக்கு முடித்துக் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். நாயகி ஓடிவருகிற பாதையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு குறுக்கே நின்றால் விறுவிறுப்பு என்னாவது? ஆசிரியர்கள் முன்யோசனையோடு முதல் பக்கத்திலேயே மலையைக் காலி செய்துவிடுகிறார்கள். கம்பெனிக்கு 95 வருஷம் பிடித்த வேலை.

இன்னொன்றையும் அவர்கள் சாமர்த்தியமாகக் காலி செய்கிறார்கள். நாயகிக்கு என்ன சாதி, நாயகனுக்கு என்ன சாதி என்று எந்த அத்தியாயத்திலும் ஒருவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுச் சின்ன ஊரில், வெளியூர்ப் பெண் ஒருத்தி ஜீப்பில் ஏறியதைப் பார்த்த பிறகு, யார் வீட்டுப் பெண் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை! இப்படிப்பட்ட சமத்துவபுரத்தை எந்த அரசாங்கமும் கட்டியதில்லை. காதலுக்கு ஆபத்து முகமூடிக்காரனிடமிருந்து வருகிறது, புதையல் தேடுகிறவனிடமிருந்து வருகிறது, இரட்டைப் பிறவித் தம்பியிடமிருந்து வருகிறது. அப்பாவிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் ஒருபோதும் வருவதில்லை. குடும்பம் என்கிற அமைப்பின்மேல் நம் ஆசிரியர்கள் வைத்திருக்கிற நம்பிக்கை கண்ணில் நீர் வரவழைப்பது.

சின்ன ஊரில் காதலும் திகிலும் ஒரே இடத்தில் சந்திக்கிற நிஜக் காட்சியை உடுமலைப்பேட்டை பார்த்திருக்கிறது. 2016 மார்ச் 13. பட்டப்பகல். பஸ் ஸ்டாண்ட் எதிரே, ஆளும் வண்டியுமாக இருந்த தெருவில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். பொறியியல் படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி இளைஞர். சாதியை மீறி அவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கௌசல்யாவுக்கும் வெட்டு. கேமரா பதிவு செய்தது, நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதில் ஒருவர் கௌசல்யாவின் தந்தை. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து பேருக்கு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, தந்தையை விடுதலை செய்தது. மண் சரியவில்லை, சிக்னல் போகவில்லை, மழைகூட இல்லை. ஊர் முழுக்க ஆள் இருந்த இடத்தில் நடந்தது. இதை யாரும் நாவலாக்கி, ஆளில்லாத பங்களாவைக் கண்டு ஆசையாகப் பயந்துகொண்டிருக்கிற வாசகரைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பயப்பட வைக்கவில்லை. அந்தக் கரிசனத்துக்குத்தான் நான் ஆரம்பத்திலேயே தாராள மனம் என்று பெயர் வைத்தேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன விண்ணப்பம். இதில் உங்கள் ரேட்டிங் குறைய எதுவும் இல்லை. அடுத்த நாவலிலும் மண் தாராளமாகச் சரியட்டும், கோபுரம் சாயட்டும், இன்ஸ்பெக்டர் தங்கச்சியை இன்னொரு முறை கட்டிக்கொடுக்கட்டும். அறையைப் பூட்டும்போது சாவியின் நகல் ஒன்றை அவள் கையிலும் கொடுத்துவையுங்கள். முதல் அத்தியாயத்தில் சாகப்போகிற வாட்ச்மேனுக்கு ஒரு பெயர் வையுங்கள். முடிந்தால், அவர் மனைவி பங்களா வாசலுக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்க ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.